கெளிற்றுச் சாமியின் பொன்முள்

கெளிற்றுச் சாமி தன் பொன்முள்ளால் ஒரு குத்துக் குத்தினால் பனிச்சங்கேணிப் பாலத்தின் கொங்கிறீட் தூணுக்கும் பத்தாம் மாதம் பிள்ளை பிறக்கும்!

இப்படி அறிவித்தது ஆச்சிரமத்து ஒலிபெருக்கி. விடிய ஐந்தரைக்கு அது தொடங்கிவிட்டால் வாவியில் தோணி விட்டவர்கள் வலையை இழுக்க மறந்து வாயைப் பிளந்தபடி இருந்தார்கள். மீன்களும் அப்படியே இருந்ததாகக் கேள்வி. தூணுக்குத் தொப்புள் எந்தப் பக்கம், சாமி எந்த இடம் பார்த்துக் குத்துவார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் வரிசையில் நிற்பதில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் கேட்பதில்லை.

வரிசை என்றால் லேசுப்பட்ட வரிசையா அது! விதைப்பு முடிந்த கையோடு வந்து வாலில் நின்ற ஒரு தம்பதி அறுவடைக்குத்தான் சாமியின் கூரையைக் கண்டார்களாம். கச்சான் கடலை விற்பவர், இளநீர் விற்பவர், வரிசையில் இடம் பிடித்து விற்பவர் என்று அங்கே ஒரு குட்டி நகரமே முளைத்துவிட்டது. தேர்தல் வைத்திருந்தால் ஒரு பிரதேச சபையே கிடைத்திருக்கும்.

சாமியின் வரலாறு சுருக்கமானது. வாவியில் வலை இழுக்கும்போது பொன்னிறக் கெளிற்று மீன் ஒன்று அவரைக் குத்தியது. குத்திய இடத்தில் அம்மன் பேசினாள். அந்த வாவியில் கெளிறு குத்தாத மீனவன் கிடையாது. மற்றவர்களுக்கெல்லாம் கை வீங்கியது. இவருக்கு மட்டும் புகழ் வீங்கியது.

சாமி கடும் பிரமச்சாரி. பெண்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அதனால் மண்டபத்தின் குறுக்கே ஒரு வெள்ளைத் திரை. திரையில் இடுப்பளவு உயரத்தில், ஒரு சிரட்டை நுழையுமளவுக்கு ஒரு துவாரம். பெண் இந்தப் பக்கம் நின்று வயிற்றைத் துவாரத்தில் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் சாமி, மஞ்சள் துணி சுற்றிய பொன்முள்ளை எடுத்து, மந்திரம் சொல்லி, நறுக்கென்று ஒரு குத்து. மூன்றாம் நாள் காலையில் பெண் தன் சிறுநீரைப் போத்தலில் கொண்டுவர வேண்டும். கர்ப்பம் பார்க்க மருந்துக்கடையில் விற்கும் சின்னப் பட்டியைச் சாமி சனத்துக்கு முன்னால் அதில் தோய்ப்பார். ஒரு கோடு விழுந்தால் இல்லை. இரண்டு விழுந்தால் உண்டு.

எல்லோருக்கும் இரண்டு விழுந்தது. மணி அடித்தது. தேங்காய் உடைந்தது.

இரண்டு கிழமை கழித்து அதே பெண் வீட்டில் பார்த்தால் ஒரு கோடுதான். சாமியிடம் அதற்கும் பதில் இருந்தது. "புள்ள வந்தது. உங்கட வீட்டில ஆரோ சந்தேகப்பட்டிட்டாங்க. கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிட்டு. இன்னொருக்காக் குத்துவம்." இப்படியாக, ஐந்து முறை இரண்டு கோடு கண்டு, ஒரு பிள்ளையும் காணாத பெண்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர். ஆனாலும் ஊர் கோடுகளை எண்ணியதே தவிரப் பிள்ளைகளை எண்ணவில்லை. ஆயிரம் தம்பதிகள் ஒரு வருடம் சும்மா வீட்டிலிருந்தாலும் சில பேருக்குப் பிள்ளை பிறக்கத்தான் செய்யும். அப்படிப் பிறந்த ஒன்றின் படம்தான் வாசலில் பெரிய பதாகையாகத் தொங்கியது.

சாமியின் கட்டளை ஒன்றே ஒன்று: டொக்டரின் ஊசி கூடாது. ஊசி பட்ட உடம்பில் அம்மன் இறங்கமாட்டாள்.

இந்தக் கட்டளைதான் புளியந்தீவில் ஹரல்டின் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது.

ஹரல்ட் பழுதான பிரிட்ஜ்களைத் திருத்துகிறவர். வயது அறுபத்தாறு. போர்த்துக்கேய வழி வந்த பறங்கி மனிதர். மீசை முன்னால் வரும், வயிறு அதற்கும் முன்னால் வரும். சந்தேகம் அவருக்குக் கூடப்பிறந்தது. கோயில் மணி பன்னிரண்டு அடித்தால் முற்றத்துக்கு வந்து தன் நிழலை அளந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். உலகத்தில் அவர் நம்புவது இரண்டை: ஒன்று கொம்பிரசர், மற்றது மனைவி மேர்டில். கொம்பிரசர் சிலவேளை ஏமாற்றும்.

மேர்டில் ஓய்வுபெற்ற மருத்துவமாது. முப்பது வருடம் பிள்ளை பிறப்பித்த கை. அவர்களுடைய வீட்டின் பின்பகுதியில் யசோதினியும் கணவன் நிலோஜனும் வாடகைக்கு இருந்தார்கள், நிலோஜனின் தாய் ஆச்சிப்பிள்ளையோடு. கல்யாணமாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. வைத்தியசாலையில் ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த ஊசி மருந்து மேர்டிலின் பிரிட்ஜில், முட்டைத் தட்டுக்கும் லவ் கேக்குக்கும் நடுவில், ஒரு சின்ன ராசாத்தி மாதிரி இருந்தது. பேனா போன்ற ஊசிகள் சில, நாளுக்கு ஒரு குத்தாகப் பத்து நாள் வயிற்றில் போட, கருமுட்டை முதிர்வதற்கு. கடைசியாக ஒரேயொரு நாள் போட, நீலக்கோடு போட்ட தனிப் பெட்டியில் இன்னொன்று, முதிர்ந்த முட்டை வெளியே வர. திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு முதல் ஊசி என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மாத முடிவோடு மருந்து காலாவதி. இதைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஆச்சிப்பிள்ளை பனிச்சங்கேணிக்குப் போய் வந்தாள்.

"சனிக்கிழமை முள்ளுக் குத்து. திங்கக்கிழமை காலையில கோடு பாக்கிறது. ஒரு கோடெண்டா நீங்க உங்கட ஊசியைக் குத்துங்க, நான் வாய் துறக்கமாட்டன். ரெண்டு கோடெண்டா அந்த மருந்தை என்ட கையாலயே ஆத்துல போடுவன். அம்மன் தந்ததுக்கு மேல டொக்டர் என்னத்தைத் தாற?"

"அங்க எல்லாருக்கும் ரெண்டு கோடுதானே மாமி விழுது!" என்று யசோதினி அழாத குறையாகச் சொன்னாள்.

"அதைத்தானே நானும் சொல்றன், புள்ள!"

நிலோஜன் வாசலில் முச்சக்கர வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாயும் மனைவியும் பேசும்போதெல்லாம் அவன் அதைத் துடைப்பான். மட்டக்களப்பிலேயே மிகவும் பளபளப்பான வண்டி அவனுடையதுதான்.

வெள்ளிக்கிழமை ஆச்சிரமத்திலிருந்து ஹரல்டுக்கு அழைப்பு வந்தது. பிரிட்ஜ் குளிரவில்லை, ஓடி வரட்டாம். போனார். ஆச்சிரமத்தின் ஒலிபெருக்கிக் குரலுக்குச் சொந்தக்காரியான சீதேவிப்பிள்ளை, திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் நிற்கும் இடத்து மூலையைக் காட்டினாள். பிரிட்ஜைத் திறந்தார் ஹரல்ட். பால் இல்லை, தயிர் இல்லை. தட்டுத் தட்டாக நீலக்கோடு போட்ட சின்னப் பெட்டிகள். தினமும் வெண்ணெய் எடுக்கும்போது அவர் கண்ணில் படுகிற அதே பெட்டி. அதே பெயர்.

"இதென்ன, பிள்ள?"

"அது சாமிட கெளிறுக்குக் குடுக்கிற விற்றமின்."

தொட்டியில் கிடந்த கெளிறைப் பார்த்தார். ஒரு சாண் நீளம். அந்தப் பெட்டிகளையெல்லாம் அது விழுங்கியிருந்தால் இந்நேரம் திமிங்கிலமாகி இந்து சமுத்திரத்துக்கு வழி கேட்டிருக்கும். ஹரல்ட் பிரிட்ஜைத் திருத்தினார். போகும்போது ஒரு வயரை, மறுநாள் காலைவரை மட்டும் தாங்குகிற மாதிரி, லேசாக இளக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மேர்டிலிடம் சொன்னார். மேர்டில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கெட்ட காலம்.

"கள்ளன்! அந்தப் பட்டி புள்ளையைத் தேடுறதில்ல மேன். புள்ள தங்கினாப் பொம்பிளைட உடம்பில சுரக்கிற ஒரு ஓமோன் இருக்கு, அதைத்தான் தேடுது. இந்த ஊசியில இருக்கிறதும் அதே சாமான்தான். குத்தினா ஒரு கிழமைக்கும் மேல ரெண்டு கோடு காட்டும். புள்ளயும் இல்ல, குட்டியும் இல்ல. மருந்துதான் மூத்திரத்தில வருது."

"ஆருக்குக் குத்தினாலும் காட்டுமா?"

"ஆருக்குக் குத்தினாலும். உனக்குக் குத்தினாலும்."

சொன்ன பிறகு மேர்டில் புருசனைப் பார்த்தாள். புருசன் தன் வயிற்றைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் ஆகாதே?"

"ஒரு குத்துக்கு ஒண்டும் ஆகாது. ஆனா யசோதினிக்கு இந்த நேரத்தில அது போகக் கூடாது. இருக்கிற ஒரு சந்தர்ப்பமும் கெட்டுப்போகும்."

முதலில் ஆச்சிப்பிள்ளையிடம் நேராகவே சொல்லிப் பார்த்தார்கள். அவள் கேட்டு முடித்துவிட்டு, "நீங்க வேதக்காரர் மிஸி, எங்கட அம்மன்ட விசயம் உங்களுக்கு விளங்காது" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆகவே சனிக்கிழமை காலை மேர்டில் சவர்க்காரமும் சவரக் கத்தியும் கொண்டுவந்து, கணவனின் வயிற்றில் தொப்புளைச் சுற்றி ஒரு சிரட்டை அளவுக்கு மழித்துவிட்டாள். காட்டின் நடுவே வயல்வட்டை ஒன்றை வெட்டித் திருத்தின மாதிரி இருந்தது.

ஆச்சிரமத்தில், சொல்லி வைத்தது போல, பிரிட்ஜ் படுத்துவிட்டது. ஹரல்ட் கருவிப் பையோடு பெண்கள் பக்கத்து மூலையில் குந்தியிருந்தார். பிரிட்ஜ்காரனை யார் ஆணென்று கணக்கெடுக்கிறார்கள்? சீதேவிப்பிள்ளை வாசலில் நின்று முதுகைக் காட்டியபடி இலக்கம் கூப்பிட்டாள். "இருநூற்றிப் பன்னிரண்டு! யசோதினி!"

யசோதினி உள்ளே வந்தாள். ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் வேறு கண் இல்லை. ஹரல்ட் எழுந்து, சட்டையைத் தூக்கி, வயிற்றைத் துவாரத்தில் வைத்தார். துவாரம் முழுதாக அடைபட்டது. அந்தப் பக்கம் சாமிக்குக் கிரகணம் பிடித்த மாதிரி இருட்டிவிட்டதாம்.

"மகளே," என்றது திரைக்கு அப்பால் குரல், "வயிறு கொஞ்சம் பெரிசாத் தெரியுதே?"

"விடியப் புட்டு சாப்பிட்டனான் சாமி," என்றாள் யசோதினி, ஹரல்டின் தோளுக்குப் பின்னாலிருந்து.

"எத்தின பேர்ட புட்டு?"

"பசி சாமி."

நறுக்! ஹரல்ட் ஸ்குரூ டிரைவரின் பிடியைக் கடித்துக்கொண்டார். பல் அடையாளம் இன்னும் இருக்கிறது. விரும்பினால் காட்டுவார்.

"ஆம்பிளப் புள்ள, மகளே! முகமும் நிறமும் அப்படியே உன்னைப் போல," என்று சாமி ஆசீர்வதித்தார்.

திங்கட்கிழமை காலை மேர்டில் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்த நேரம் ஆச்சிப்பிள்ளை மேர்டிலின் பிரிட்ஜைத் திறந்து, ஊசி மருந்து முழுவதையும் ஐஸ் பிளாஸ்கில் போட்டு, பிளாஸ்கைச் சீலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். பூசை முடிந்து மேர்டில் வந்ததும் எல்லோரும் ஆச்சிரமத்துக்குப் புறப்பட்டார்கள். ஆச்சிரமத்துப் படித்துறையில் அவள் தண்ணீருக்குப் பக்கத்தில் போய் நின்று பிளாஸ்கை வெளியே எடுத்தபோதுதான் மற்றவர்களுக்கு விசயமே தெரிந்தது. யசோதினி படித்துறைக்கு ஓடப் பார்த்தாள். ஆனால் இனித் திரும்ப வழியில்லை. மேடையில் சாமி இருநூற்றுப் பன்னிரண்டாம் போத்தலைத் திறந்துவிட்டார்.

பட்டி தோய்ந்தது. இரண்டு கோடு! சும்மா கோடா? மாட்டுக்குக் குறி சுட்ட மாதிரிக் கோடு.

"யசோதினிக்குப் புள்ள! ஆம்பிளப் புள்ள!" ஒலிபெருக்கி கிழிந்தது. மணி அடித்தது. ஆச்சிப்பிள்ளை பிளாஸ்கின் மூடியைத் திருகினாள்.

"மாமி, நில்லுங்க!" யசோதினி மேடைக்கு ஓடினாள். "அது என்ட போத்தல் இல்ல. என்ட இந்தா இருக்கு. இதைத் தோய்ங்க சாமி."

சனம் பார்த்துக்கொண்டிருந்தது. தோய்க்காமல் இருக்க முடியாது. தோய்த்தார். ஒரு கோடு.

"அப்ப மற்றது ஆர்ர?" என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் இளையதம்பிப் போடியார். நூறு ஏக்கர் வயல்காரர். மருமகளுக்காக நாலு முறை வரிசையில் நின்றவர்.

ஹரல்ட் கையை உயர்த்தினார். "என்ட. சனிக்கிழமை அந்த ஓட்டையில வயித்தை வச்சது நான்தான்." சட்டையைத் தூக்கி மழித்த இடத்தையும், நடுவில் இருந்த குத்தையும் காட்டினார்.

"பொய்!" என்று கத்தினார் சாமி. "ஆரோ கர்ப்பிணிட தண்ணியைக் கொண்டுவந்திருக்கான்!"

"சரி. இப்பவே புதுசாத் தாறன். சாட்சிக்கு ஆள் வாங்க."

போடியார் சாட்சியாகப் போனார். கிடுகு வேலிக்குப் பின்னால் போனவர்கள் ஒரு கிளாசோடு திரும்பி வந்தார்கள். போடியாரின் முகம் கறுத்திருந்தது. "என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன். காணத் தேவையில்லாததையும் கண்டன். இது இவர்ர தண்ணிதான்."

பட்டி தோய்ந்தது. இரண்டு கோடு.

இந்த இடத்தில் சாமியின் கதை முடிந்திருக்க வேண்டும். புத்தியுள்ள ஊராக இருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்த அமைதியில் எங்கோ ஒரு கிழவரின் குரல் விம்மியது: "அரோகரா! ஆம்பிளைக்கும் புள்ள குடுத்திட்டாரே எங்கட சாமி!"

அவ்வளவுதான். மண்டபம் பொங்கியது. பாதிச் சனம் சாமியின் காலில் விழுந்தது, மீதிப் பாதி ஹரல்டின் காலில் விழுந்தது. ஒருத்தி அவர் வயிற்றைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இன்னொருத்தி, "மாங்காய் தின்ன ஆசையாக் கிடக்கா ஐயா?" என்று கேட்டு உப்பும் தூளும் தொட்ட துண்டு ஒன்றை அவர் வாய்க்குள் திணித்தாள். "எத்தின மாசம்?" என்றது ஒரு குரல். "மீசை இருக்கிறவைக்கு ஆம்பிளப் புள்ளதான் தங்கும்" என்று ஒரு நிபுணர் விளக்கினார். சாமி நொடியில் சுதாரித்துக்கொண்டார். கையை உயர்த்தி, "அம்மனுக்கு ஆணென்ன, பெண்ணென்ன!" என்றார். அடுத்த சனிக்கிழமை முதல் ஆண்களுக்கும் தனி வரிசை என்று சீதேவிப்பிள்ளை உடனே அறிவித்தாள். ஆம்பிளைக்கே கொடுத்தவர் மருமகளுக்குக் கொடுக்கமாட்டாரா என்று படித்துறையில் ஆச்சிப்பிள்ளை ஆனந்தக் கண்ணீரோடு பிளாஸ்கைச் சரிக்கத் தொடங்கினாள். ஐஸ் கட்டி ஒன்று வாவியில் விழுந்தது.

"மேர்டில்!" என்று அலறினார் ஹரல்ட், மாங்காயைத் துப்பியபடி.

மேர்டில் ஏற்கெனவே மண்டப மூலையில் பிரிட்ஜைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துகொண்டிருந்தாள். சீதேவிப்பிள்ளையின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள். பிரசவ அறையில் முப்பது வருடம் அதட்டிய குரல்.

"வாயை மூடுங்க எல்லாரும்! ஆச்சிப்பிள்ளை, கையை நேரா வை! போடியார், நீங்களே கிணத்தில ஒரு கிளாஸ் தண்ணி அள்ளிக் கொண்டாங்க."

போடியார் அள்ளி வந்தார். மேர்டில் ஒரு பட்டியை வெறும் தண்ணீரில் தோய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

"எத்தின கோடு?"

"ஒண்டு."

பெட்டியை உடைத்து, மருந்தில் இரண்டு சொட்டை அதே தண்ணீரில் விட்டு, கலக்கி, புதுப் பட்டியொன்றைத் தோய்த்தாள். போடியார் பட்டியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். தூரப் பிடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"ரெண்டு."

"என்ன சாமி," என்றாள் மேர்டில், "கிணத்துத் தண்ணிக்கும் ஆம்பிளப் புள்ளதானா?"

யாரோ ஒருவர் பழக்கத்தில் "அரோ..." என்று தொடங்கி, பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். ஐந்து முறை குத்து வாங்கிய பெண் ஒருத்தி மேடையில் ஏறி, பொன்முள்ளைப் பிடுங்கி, மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு ஊசி. கெளிற்று முள் பக்கத்தில் நூலால் கட்டியிருந்தது, அலங்காரத்துக்கு. டொக்டரின் ஊசி கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு டொக்டரின் ஊசியையேதான் அத்தனை வயிற்றிலும் ஏற்றியிருக்கிறார் மகான்!

சாமி பின்பக்கமாகத் தோணியில் பாய்ந்தார். தோணியில் துடுப்பு இல்லை. இறால் கூட்டுக்கு மேல் கையால் வலித்துக்கொண்டு நூறு யார் தூரம் போனவரைப் பெண்களே இழுத்து வந்தார்கள். பொலிஸ் வந்து கேட்டபோது பெயர் பிரதீஸ் என்றும், முன்பு மருந்து விற்கும் வேலை பார்த்தவர் என்றும் தெரிந்தது. தொட்டிக் கெளிறைப் போடியார் தூக்கிப் பார்த்தார். பொன்னிறம் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

படித்துறையில் ஆச்சிப்பிள்ளை இன்னும் பிளாஸ்கைப் பிடித்தபடி நின்றாள். யசோதினி மெல்லக் கிட்டப் போனாள். கையை நீட்டவில்லை. சும்மா நின்றாள்.

"அப்ப இந்த மருந்துக்குள்ள சத்து இருக்கு எண்டுதானே இவ்வளவு நேரமும் காட்டினீங்க?" என்றாள் ஆச்சிப்பிள்ளை கோபத்தோடு. "தண்ணியையே புள்ளத்தாச்சி ஆக்குற மருந்து! இதையா புள்ள நான் ஆத்துல போடப் பாத்தது? நீயாவது என்ட கையைத் தட்டிவிட்டிருக்கலாமே கா!"

அவளுக்கு மருந்து புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் மூடியை இறுக்கித் திருகினாள். அது போதும்.

மாலை ஏழு மணிக்கு மேர்டில் முதல் ஊசியைப் போட்டாள். ஆச்சிப்பிள்ளை மருமகளின் கையைப் பிடித்திருந்தாள். நிலோஜன் ஊசியைக் கண்டதும் வாசலுக்குப் போய் வண்டியைத் துடைக்கத் தொடங்கினான்.

"இது போட்டா நிச்சயம் தங்குமா மிஸி?"

"நிச்சயமெண்டு சொல்றவன்தான் கள்ளன். சில பேருக்குத் தங்கும், சில பேருக்குத் தங்காது. பத்து நாளும் ஒழுங்காப் போடுவம், ஸ்கானில பாப்பம்."

ஆச்சிப்பிள்ளை ஹரல்டின் பக்கம் திரும்பினாள். அவள் மனதில் ஒரு முள் இன்னும் ஏறியே இருந்தது.

"ஹரல்ட் ஐயா, நீங்க ஒண்டையும் லேசில நம்பாத ஆள். உங்கட மாதா மேல சத்தியமா ஒண்டு சொல்லுங்க. சாமி குத்தினாரா இல்லையா? உங்களுக்கு ரெண்டு கோடு விழுந்ததா இல்லையா?"

ஹரல்ட் மீசையைத் தடவினார். வயிற்றையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

"நடந்ததுதான் அக்கா. குத்தினார். ரெண்டு கோடும் விழுந்தது. ஆம்பிளப் புள்ள எண்டும் சொன்னார். ஒண்டும் பொய்யில்ல. இனிப் பத்து மாசம் என்ட வயித்தையே பாத்துக்கொண்டு இருக்கிறதா, இல்லாட்டி இண்டைக்கே கொஞ்சம் யோசிக்கிறதா எண்டத மட்டும் நீங்க முடிவு செய்யுங்க."